வெள்ளிக்கிழமைச் சட்டி

சந்திரவதனா ஹொட் டோக் விற்கிறாள் என்பதைச் சிட்னித் தமிழர்கள் சிலர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். யாரோ சிறைக்குப் போய்விட்ட மாதிரி. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் அவளிடம் வாங்கித் தின்றவர்கள்.

1975இல் அவளும் கணவன் இந்திரகுமாரும் சிட்னியின் புறநகரான லிட்கமுக்கு வந்து சேர்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று பூட்டியிருந்த கதவை இந்த நாடு திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இந்திரகுமாருக்கு ரயில் பட்டறையில் வேலை கிடைத்தது. அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். தினமும் வேலை முடிந்து ஸ்டேசனடியில் இறங்கும்போது பெற்றோ என்ற உக்ரேனியக் கிழவரின் வான் வண்டியில் ஒரு ஹொட் டோக் வாங்குவாள். நீளப் பணிஸ் ஒன்றைப் பிளந்து, புளிக்கவைத்த முட்டைக்கோவாவைப் பரப்பி, அதன்மேல் மாட்டிறைச்சிச் சொசேஜ் வைத்துத் தருவார். ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு போத்தல் சீனிச் சம்பல் கொண்டுபோய், அதன்மேல் ஒரு கரண்டி போட்டுத் தின்று காட்டினாள். வெங்காயத்தை மிளகாய்த்தூளும் புளியும் சீனியும் இடித்த கூனி இறாலும் சேர்த்து மணிக்கணக்காக வதக்கிய சம்பல். கிழவர் தானும் ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது கடியும் கடித்தார்.

அடுத்த வருடம் முழங்கால் ஏலாமல் போனதும் வானை அவளுக்கே விற்றார். விற்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: கோவாவை எடுக்கக்கூடாது. அவள் எடுக்கவில்லை. கீழே பெற்றோவின் கோவா, நடுவில் சொசேஜ், மேலே யாழ்ப்பாணத்துச் சம்பல். உலகத்தில் வேறெங்கும் இல்லாத இந்தப் பண்டத்துக்கு லிட்கம் ரோல் என்று பெயர் வைத்தவர்கள் தொழிற்சாலை விட்டு வரும் துருக்கியரும் லெபனானியரும்தான். இரண்டு ஸ்டேசன் தள்ளி வீடு உள்ளவர்களும் இறங்கித் தின்றுவிட்டு அடுத்த ரயிலில் போனார்கள்.

வானில் ஒரு பலகை தொங்கியது. 'வரிசையில் நில்லுங்கள். முன்னுக்கு வர எவருக்கும் உரிமையில்லை.' ஃபோர்மனும் நின்றார், பாதிரியாரும் நின்றார். ஒருமுறை பொலிஸ்காரர் ஒருவர் நேரே யன்னலுக்கு வந்தார். அவள் கரண்டியால் பின்னுக்குக் காட்டினாள். போய் நின்றார்.

இதைக் கெடுபிடி என்று நினைத்தவர்களுக்கு அவளுடைய தகப்பனைத் தெரியாது. அவர் கள்ளுச் சீவும் தொழிலாளி. வடமராட்சியில் ஊர்ச் சந்தித் தேநீர்க்கடையில் முன்பக்கம் இருக்க ஒரு நீள வாங்கு கிடந்தது. அதில் அவர் இருக்க முடியாது. கடையின் பின்பக்கம் நின்று, அவருக்கென்று வைத்த சோடாப் போத்தலில் தேநீர் குடிக்க வேண்டும். முழுக் காசும் கொடுத்துத்தான் குடித்தார். அறுபதுகளின் கடைசியில் இளைஞர்கள் கடைகளுக்குள் நுழைந்து கதிரையில் இருந்தபோது அடிவாங்கியவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன். இதையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்குகிறவர்கள், அந்தக் கதையில் முன்பக்க வாங்கில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு சட்டிகளில் சம்பல் வைத்தாள். ஒன்றில் இறால் இருக்கும். மற்றதில் இராது. அதற்குத் தனிக் கரண்டி. வெள்ளி விரதக்காரர் ஓரிருவர் சொசேஜும் வேண்டாம், சம்பல் மட்டும் வைத்துத் தா என்று கேட்பார்கள்.

"விரதத்திலை உனக்கு நம்பிக்கை இல்லையே, பிறகேன் மினக்கெடுறாய்?" என்று இந்திரகுமார் கேட்டான்.

"எனக்கு இல்லைத்தான். தின்னுறவைக்கு இருக்கே. தெரியாமல் குடுத்து ஏமாத்தினால் நான் என்ன மனிசி?"

அந்த வெள்ளிக்கிழமைச் சட்டியின் முதல் வாடிக்கையாளர் சச்சிதானந்தன். மின்சாரத் திணைக்களத்தில் பொறியியலாளர், தமிழர் சங்கம் ஒன்றின் செயலாளர். அலுவலகம் முடிந்து ரயிலில் வந்து இறங்குவார். கார் ஓட்டப் பழகி ஆறு மாதமே ஆன அவர் மனைவி ரஞ்சினி, தெருவின் எதிர்ப்பக்கம் காரோடு காத்திருப்பாள். அவர் வரிசையில் நின்று, ஒரு ரோலைத் தின்று முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் காரில் ஏறுவார்.

1978 மே மாதம் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. வானிலிருந்து அழுகிய இறால் நாற்றம் வருகிறதென்று யாரோ முறையிட்டிருந்தார்கள். ஜூன் முப்பதோடு அனுமதி முடிகிறது. அதற்குமுன் பரிசோதகர் வந்து பார்த்த பிறகே புதுப்பிப்பதா இல்லையா என்று முடிவாகும். பிஸ்கட் தொழிற்சாலை வேலையை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இந்த வான் போனால் அவளுக்கென்று இந்த நாட்டில் இருந்த ஒரே இடமும் போய்விடும்.

சச்சிதானந்தன் கடிதத்தை வாங்கி வாசித்தார். "இதுக்கேன் யோசிக்கிறீர் தங்கச்சி? சங்கத்தின்ரை பேரிலை நான் ஒரு கடிதம் எழுதித் தாறன். இது எங்கடை பாரம்பரியச் சாப்பாடு எண்டு. ஓம், உம்மைப் பற்றியும் நாலு வரி போட வேணும். ஊரிலை எவடம்?"

"வடமராட்சி, ஐயா." ஊரின் பெயரையும் சொன்னாள்.

"அட, அங்கை எனக்குச் சொந்தக்காரர் இருக்கினமே! கோயிலடியோ, பள்ளிக்கூடத்தடியோ?"

இந்தக் கேள்வி நிலப்படம் கீறுவதற்காகக் கேட்கப்படுவதல்ல. பொறியியல் படித்தாலும், கடல் தாண்டினாலும், ஒரு யாழ்ப்பாணத்தான் சாதியை வாய்விட்டுக் கேட்க மாட்டான். தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டுக்கொண்டு போய் வாசலில் நிற்பான்.

சந்திரவதனா சொசேஜைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "ரெண்டும் இல்லை ஐயா. கள்ளுத் தவறணைக்குப் பின் ஒழுங்கை. அப்பா மரம் ஏறினவர். நீங்கள் இன்னும் மூண்டு கேள்வி கேட்டிருப்பியள். மிச்சப்படுத்திப் போட்டன்."

"சேச்சே, நான் சும்மா..." என்றார் அவர். கையில் பாதி ரோல் இருந்தது. அதைப் பேப்பரில் சுற்றினார். "வீட்டை போய்ச் சாப்பிடுறன்." ஸ்டேசன் குப்பைத் தொட்டியின் மேலே அந்தப் பேப்பர் கிடந்ததை, வானைப் பூட்டிக்கொண்டு போகும்போது அவள் பார்த்தாள்.

கடிதம் வரவில்லை. அவரும் வரவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கெவின் வந்தான். சச்சிதானந்தனின் அலுவலகத்தில் வேலை செய்யும் செம்பட்டை மயிர்க்காரன். வழக்கமாக இரண்டு ரோல் கேட்கிறவன், அன்று சொசேஜ் இல்லாமல் ஒன்றையும் சேர்த்து வாங்கினான். அதைத் தெருவைக் கடந்து கொண்டுபோய், ரஞ்சினியின் காருக்குள் இருந்த சச்சிதானந்தனிடம் நீட்டினான்.

சந்திரவதனாவுக்கு எல்லாம் விளங்கியது. அவளுடைய கையிலிருந்து நேரே வாங்கினால் தீட்டு. நடுவில் ஒரு வெள்ளைக்காரன் கை பட்டால் தீட்டுக் கழிந்தது! எந்தச் சாத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுதினவர்களுக்கும் தெரிந்திராது. கெவின் பாவம், ஒன்றும் அறியாதவன். மூன்று வெள்ளிக்கிழமை அவளும் சுற்றிக் கொடுத்தாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை மாலை பரிசோதகர் வருவதாக அறிவித்தல் வந்தது.

"அண்டைக்கு மட்டும் இறாலை விடன்," என்றான் இந்திரகுமார். "வெறும் வெங்காயம் வதக்கு. அவன் மணந்து பாத்திட்டுப் போகட்டும். சனிக்கிழமை திரும்பப் போடுவம்."

"சனிக்கிழமை நான் கள்ளியாகிப் போவன்."

"வான் போனால்?"

"போகட்டும். ஒளிச்சு விக்கிறதெண்டால் அது அப்பாவின்ரை பின்பக்கத்துச் சோடாப் போத்தல்தானே? இடம் மட்டும்தான் வேறை."

வெள்ளிக்கிழமை வந்தது. குளிர்காலம், ஐந்து மணிக்கே தெரு விளக்குகள் எரிந்தன. இறால் சட்டி ஒருபக்கம், வெள்ளிக்கிழமைச் சட்டி மறுபக்கம். இரண்டும் மணத்தன. சாம்பல் கோட்டும் கையில் படிவம் செருகிய அட்டையுமாக ஒரு மெலிந்த மனிதர் நேரே யன்னலுக்கு வந்து நின்றார்.

"நகரசபையிலிருந்து வருகிறேன்."

சந்திரவதனா பலகையைக் காட்டினாள். "ரோல் தின்னவும் வரிசைதான், வானைப் பார்க்கவும் வரிசைதான், சேர்."

வரிசையில் ஒருவன் சீட்டியடித்தான். பரிசோதகர் பலகையை வாசித்தார், அட்டையில் எதையோ எழுதினார், போய்ப் பன்னிரண்டாவது ஆளாக நின்றார்.

அவருக்கு இரண்டு பேர் முன்னால் கெவின். "வழக்கம்போல, சந்திரா. எனக்கு ரெண்டு. சொசேஜ் இல்லாமல் ஒன்று."

"சொசேஜ் இல்லாதது உனக்கா?"

"எனக்கென்ன காய்ச்சலா, சொசேஜ் இல்லாமல் தின்ன? சச்சிக்கு. அவனுக்குக் கால் நோவாம். நிற்க முடியாதாம்."

"ஸ்டேசன் படி இறங்கி, றோட்டைக் கடந்து, கார்வரை நடந்த காலா அது?"

கெவின் திரும்பிக் காரைப் பார்த்தான். இதை அவன் யோசித்திருக்கவில்லை.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பரிசோதகர் கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு ரோலைச் சுற்றிக் கொடுத்தால் எல்லாம் சுமுகமாகப் போய்விடும் என்பதும் தெரியும்.

"உன்னுடைய ரெண்டையும் பிடி. சச்சியிடம் சொல்லு, சட்டி சூடாக இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. பசித்தால் வரட்டும்."

கெவின் தலையைச் சொறிந்துகொண்டு தெருவைக் கடந்து போனான்.

பரிசோதகரின் முறை வந்தது. "நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாடிக்கையாளருக்கு விற்க மறுத்தாய்."

"ஓம், சேர்."

"காரணம்?"

"அவருக்கு நோவு காலில் இல்லை. என் கையால் வாங்குவதில்தான் அவருக்கு நோவு. எங்கள் ஊரில் என் அப்பாவுக்குக் கடையின் பின்பக்கம்தான் தேநீர் கொடுத்தார்கள். இந்த வானுக்குப் பின்பக்கம் இல்லை."

அவர் அட்டையை மேலும் கீழும் பார்த்தார். "அதற்கு இந்தப் படிவத்தில் இடமில்லை," என்றார். குரலில் கேலி இல்லை. "மூடியைத் திற."

திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. இறாலை, புளியை, தூளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் முகர்ந்தார். "அழுகலா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படி ஒன்றை நான் வாழ்நாளில் மணந்ததில்லை. இது உங்கள் மக்கள் சாப்பிடுவதுதானா? இல்லை, நீயே உண்டாக்கினதா?"

"இவர்களைக் கேளுங்கள்." வரிசையைக் காட்டினாள். "நல்லது! நல்லது!" என்று ஒரு துருக்கியர் கத்தினார்.

"இவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் எப்படி இருக்க வேண்டுமென்று இவர்களுக்குத் தெரியாதே. உன் நாட்டவர் யாரும் இல்லையா?"

அவள் எதிர்ப்பக்கம் திரும்பவில்லை. கூப்பிட்டால் காரிலிருந்து சச்சிதானந்தன் வரக்கூடும். அவர் சொல்லும் ஒரு வார்த்தை நகரசபையில் எடுபடவும் கூடும். அந்த வார்த்தைக்கு அவள் கைநீட்டத் தயாராக இல்லை.

"எனக்குத் தெரியும்!"

வரிசையின் கடைசியில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. கம்பளிக் கோட்டுக்குக் கீழே சேலை, கையில் கார்ச் சாவி. ரஞ்சினி.

"இங்கே வாருங்கள், அம்மா," என்றார் பரிசோதகர்.

"பலகையை வாசிக்கவில்லையா? என் முறை வரட்டும்."

சிரிப்பு எழுந்தது. பரிசோதகரும் வேறு வழியில்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். ஏழுபேருக்கு ரோல் சுற்றும்வரை நகரசபை காத்திருந்தது.

ரஞ்சினி யன்னலுக்கு வந்தாள். தமிழில்தான் தொடங்கினாள்.

"மூண்டு வெள்ளியாக் கார் முழுக்கச் சீனிச் சம்பல் வாசம். கெவின்ரை மனிசி செய்து குடுத்துவிட்டது எண்டார் இவர். வெள்ளைக்காரி சீனிச் சம்பல் காய்ச்சுவாளோ? என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டார்? இண்டைக்குக் கெவின் வந்து நீர் சொன்னதை அப்படியே சொல்லிப்போட்டான். அப்பத்தான் விளங்கினது, இவர் ஏன் வரிசைக்கு வாறேல்லை எண்டு."

"அவர் என்ன சொன்னவர், அக்கா?"

"'சத்தம் போடாதையும், காரை எடும்' எண்டார். நான் எஞ்சினை நிப்பாட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

பிறகு பரிசோதகரிடம் திரும்பினாள். இறால் சட்டியை முகர்ந்தாள். வெள்ளி என்பதால் அதைத் தொடவில்லை. மற்றச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி சம்பலை உள்ளங்கையில் வாங்கி நக்கினாள்.

"எங்கள் வீட்டில் காலையில் பாணோடு தின்பது இதுதான். இறாலில் ஒரு பழுதும் இல்லை. அழுகியிருந்தால் முகர்ந்த உடனேயே சொல்லிவிடுவேன். ஆனால் புளி காணாது, சீனி கூடிவிட்டது. என் அம்மா இதைவிட நன்றாகச் செய்வாள்."

"ஒஸ்ரேலியாக்காரருக்கு அந்தளவு சீனி வேணும் அக்கா," என்றாள் சந்திரவதனா.

பரிசோதகர் இதுவரை எழுதியதை அடித்தார். "இப்படிக் குறை சொல்கிறவர் பொய்ச்சாட்சி சொல்ல வந்திருக்க மாட்டார்," என்றார். ஒரு வருட அனுமதிக்குச் சிபாரிசு செய்வதாகவும், சட்டிகளுக்கு இறுக்கமான மூடி போட வேண்டுமென்றும் எழுதிக் கையொப்பம் வைத்தார். பிறகு அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு ரோல் கேட்டார். அவள் பலகையைப் பார்த்தாள். அவர் திரும்பி வரிசையின் கடைசிக்குப் போனார்.

"எனக்கு ஒண்டு தாரும், சொசேஜ் வேண்டாம்," என்றாள் ரஞ்சினி. "சுத்தாதேயும். இஞ்சையே நிண்டு சாப்பிடுறன்."

விளக்கின் கீழே, தெருவுக்கு முகம் காட்டி நின்று தின்றாள். எதிர்ப்பக்கக் காரிலிருந்து ஹோர்ன் ஒருமுறை அடித்தது. அவள் சாவி இருந்த கையை உயர்த்திக் காட்டினாள். இன்னும் பாதி ரோல் மிச்சம் இருந்தது.