நூலைப் பல்லில் கடித்தவளின் தும்மல்

உலகத்தில் இதுவரை தும்மியவர்கள் எல்லோரும் ஒத்திகை பார்த்தவர்கள். அரங்கேற்றம் செய்தது சித்திதான். அவள் தும்மினால் எதிர்வீட்டு இரும்புக் கதவு தானாகத் தாழ் போட்டுக்கொள்ளும். கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் குடும்பத்தோடு வேறு தெருவுக்குக் குடிபோய்விடும். மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் குனிந்து நின்ற பிள்ளைகள், அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து ஓடத் தொடங்கி, இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்ட தும்மலை வைத்துக்கொண்டு ஒருத்தி திருடன் விரட்டும் வேலைக்குப் போயிருக்கலாம். சித்தி செய்வதோ பார்லரில் புருவம் எடுக்கும் வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்து, முடியை ஒவ்வொன்றாகக் கவ்வி இழுக்க வேண்டும். வாயைத் திறந்தால் நூல் போச்சு. பல் நூலுக்கு, மூக்கு மூச்சுக்கு என்று பாகப்பிரிவினை செய்துவிட்ட தொழில் அது. அதில் மூக்கு மட்டும் திடீரென்று வேலை நிறுத்தம் செய்தால் என்ன ஆகும்?

பேங்க் அம்மாவின் புருவம் ஆகும். பேங்கில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் தவறாமல் பார்லருக்கு வருகிற அந்த அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இடது புருவம் முடிந்தது. வலது பாதி முடிந்தது. அப்போது வந்தது. சித்தியின் தலை பின்னால் போக, பல்லில் இருந்த நூலும் கூடவே போக, நூலில் சிக்கியிருந்ததும் கூடவே போனது. கண்ணாடியில் ஒரு பக்கம் வில், மறுபக்கம் காற்புள்ளி. பேங்க் அம்மா கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"மீதி எங்கம்மா?"

அன்று மாலை பார்லர் மேடம் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு மாசமா பார்க்கறேன், தும்மிக்கிட்டே இருக்க. தும்மலா, இல்ல வேற பார்லருக்குப் போறதுக்கு வழி தேடுறியா?"

"சத்தியமா தும்மல்தான் மேடம்."

"ரெண்டு வாரம் டைம். நிக்கலன்னா நூலைத் தொடாத. கால் கழுவுற பக்கம் போயிடு."

கால் கழுவுவதைச் சித்தி கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் ஜன்னலோர நாற்காலி பதினோரு வருடமாக அவளுடையது. அதில் சாய்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புருஷன், மாமியார், மேலதிகாரி எல்லோர் கதையையும் சொல்வார்கள். நூல் வாயில் இருப்பதால் சித்தி "ம்" மட்டும் கொட்டுவாள். இனி யாருடைய குதிகாலோடு பேசுவது?

சித்திக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவாள். சும்மாவே அப்படி, இப்போது பிழைப்பே போகிற நிலைமை.

முதல் சந்தேகம், பார்லரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேல். தன் நாற்காலிக்கு ஆசைப்பட்டு அவள் பவுடர் டப்பாவில் எதையோ கலக்கிறாள் என்று முடிவு கட்டினாள் சித்தி. ஒரு சிட்டிகை பவுடரைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து முகர்ந்தாள். இரண்டு தும்மல். "பார்த்தீங்களா?" என்றாள் சித்தப்பாவிடம். பள்ளி வேன் ஓட்டுகிற சித்தப்பா நிதானமான ஆள். "வெறும் தாளையும் மோந்து பாரேன்" என்றார். வெறும் தாளுக்கு மூன்று தும்மல் வந்தது. அந்தப் பெண் விடுதலையானாள்.

அடுத்தது சித்தப்பாவின் தலையெண்ணெய்.

"என்னங்க, புது எண்ணெயா?"

"கல்யாணத்துல இருந்து இதே எண்ணெய்தான்."

"அப்ப கல்யாணத்துல இருந்தே ஏதோ பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

மூன்றாவது சந்தேகம் அக்கா மகள் மேல். அவளுடைய அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை என்பதால் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். படிக்கிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போன வருடம் மின்விசிறி இறக்கைமேல் மிளகுத்தூளைப் பரப்பி, வந்த விருந்தாளிகளை வரிசையாகத் தும்ம வைத்தவள். இந்தக் கதையை எழுதுவதும் அவளே என்பதால் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சேர்க்க ஆசைதான். சித்தி படிப்பாளே.

"ஏய் வாலு, இங்க வா. கையைக் காட்டு."

"எதுக்கு சித்தி?"

"காட்டுடி." சித்தி உள்ளங்கையை முகர்ந்தாள். "சோப்பு வாசனை வருது."

"கை கழுவுனேன்."

"நீயா? சொல்லாம கொள்ளாம? அதுதான் சந்தேகமா இருக்கு."

ஆனால் நிரூபிக்க முடியவில்லை. அதனால் சித்தி ஒரு பழைய நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தாள். காலையில் ஜன்னல் திறந்ததும் ஒன்பது. பஸ்ஸில் நாலு. பார்லரில் ஆறு. ராத்திரி படுத்ததும் இருபத்திரண்டு. அதுதான் அவளை உலுக்கியது. மேடம் கெடு வைப்பதற்கு முன்னால் படுத்தால் இரண்டோ மூன்றோதான் வரும். இப்போது தலையணையில் தலை படுகிற நேரம் பார்த்து ஏழுமலையும் அதிர்கிறது. சித்தி சித்தப்பாவைக் கூடத்தில் படுக்கச் சொன்னாள். அவர் சந்தோஷத்தை மறைக்கப் பெரிய கொட்டாவி ஒன்று விட்டுக்கொண்டு போனார். தும்மல் போகவில்லை.

ஆறாம் நாள் சித்தப்பா அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வீட்டுக்குப் பக்கத்தில் மரம் ஏதாவது பூத்திருக்கிறதா என்று கேட்டார்.

"பின்னால பெருசா ஒண்ணு நிக்குது. அதுக்கும் எனக்கும் என்ன பகை டாக்டர்?"

"பகை எல்லாம் இல்லம்மா. அதோட பூந்தூள் காத்துல வருது. அது ஒண்ணும் செய்யாது. உங்க மூக்குதான் அதை எதிரின்னு சந்தேகப்படுது."

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை என்று சித்திக்குத் தெரியும்.

டாக்டர் தூக்கக் கலக்கம் தராத தும்மல் மாத்திரை கொடுத்தார். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை மூக்கின் நடுத்தடுப்பைப் பார்த்து அடிக்காமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், ஒரே நாளில் கேட்காது, விடாமல் போட வேண்டும் என்றார். வெளியே போகும்போது மாஸ்க் போடச் சொன்னார்.

"வேலையில போட முடியாது டாக்டர். வாயில நூல் இருக்கும்."

"அப்ப பஸ்ஸுல போடுங்க. காலையில ஜன்னலைத் திறக்காதீங்க. வெளிய போயிட்டு வந்தா தலைக்கு ஊத்திட்டுப் படுங்க. துணியை எங்க காயப்போடறீங்க?"

"வீட்டுக்குள்ளதான், நடையில கொடி கட்டி. மொட்டைமாடியில போட்டா எவ எடுத்துட்டுப் போவாளோ."

"ரொம்ப நல்லது. மாடியில போட்டா அந்தத் தூள் முழுக்கத் துணியில ஒட்டிக்கும். முக்கியமா தலையணை உறை."

வீட்டுக்கு வந்து சித்தி இதையெல்லாம் டாக்டர் குரலிலேயே நடித்துக் காட்டினாள். "மரமாம், தூளாம். மருந்துக்கடைக்காரனும் அந்த மரமும் கூட்டு போல." சித்தப்பா சிரித்தார். மேசையில் எழுதிக்கொண்டிருந்த அக்கா மகள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு வாய்ப்புக் கிடைத்தும் அவள் விட்டுவிட்டது சித்தியின் கண்ணில் பட்டது.

அன்று படுக்கும்போது தலையணையைத் தூக்கி முகர்ந்தாள். பதினோரு தும்மல் போட்ட பிறகும் அந்த வாசனை நின்றது. வெயில் வாசனை. நடையில் காய்ந்த துணியில் வெயில் எப்படி வந்து உட்காரும்? உறையின் மடிப்பில் விரலை ஓட்டினாள், மஞ்சளாக ஒட்டியது.  உறையைக் கழற்றிப் பாலித்தீன் பையில் போட்டு முடிந்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து வெயில் வாசனை இல்லை. மாத்திரை, ஸ்பிரே, மாஸ்க் எல்லாம் டாக்டர் சொன்னபடியே நடந்தன. நோட்டில் படுத்ததும் எட்டு என்று வந்தது, பிறகு மூன்று, பிறகு ஒன்று. அந்த ஒன்றையும் சித்தி நம்பவில்லை. பதுங்குகிறது, பாயப்போகிறது என்றாள்.

கெடு முடிகிற திங்கட்கிழமை பேங்க் அம்மா வரவில்லை. வேறு யாரும் அந்த நாற்காலிக்குத் துணியவில்லை. கடைசியில் மேடமே வந்து சாய்ந்தார்.

"என்னோடதை எடு. போனா என் புருவம் போகட்டும்."

கடையில் எல்லோர் கையும் நின்றது. சித்தி பவுடர் தடவினாள், நூலைக் கடித்தாள், மூக்கால் மூச்சிழுத்தாள். மூச்சு அடைப்பில்லாமல் உள்ளே போனது. ஒரு மாதத்துக்கு மேலாக மறந்துபோன சுகம் அது. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் பாதியில் மூக்கு நுனி லேசாகக் குறுகுறுத்தது. சித்தி கையை நிறுத்தி, முறுக்கைத் தளர்த்தி, பத்து எண்ணினாள். குறுகுறுப்பு யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மேடம் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் குறைவில்லை.

"ரெண்டும் இருக்கு," என்றார். "நாற்காலி உன்னோடது. அடுத்த வருஷம் அந்த மரம் பூக்கறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்துடு."

சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பீரோவைத் திறந்து பாலித்தீன் பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வாலு, இதுல என்ன போட்ட?"

அக்கா மகள் பையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கதவுப் பக்கம் சித்தப்பா நின்றிருந்தார்.

"மிளகுத்தூள்," என்றாள். "நல்லாப் பொடிச்சு. சும்மா விளையாட்டுக்குத்தான்."

"எத்தனை நாள்?"

"ஆறு நாள். ஸாரி சித்தி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"மிளகு போட்டவ எதுக்குத் தினமும் உறையைத் துவைச்ச?"

"துவைக்கல."

"மேல் வீட்டம்மாகிட்ட கேட்டுட்டேன். உங்க பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் ஒத்தைத் தலையணை உறையைத் துவைச்சு, மாடியில ரெண்டு கிளிப்பு போட்டு மாட்டி, காயற வரைக்கும் காவல் நிக்குதே, என்னம்மா வேண்டுதலான்னாங்க. வெயில்ல போட்டா சித்திக்குத் தும்மல் நிக்கும்னு சொன்னியாம்."

"அந்தம்மா பொய் சொல்றாங்க. மிளகுத்தூள்தான்."

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அக்கா மகளின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பால் பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பொய் சொல்லும்போது உன் இடது புருவம் துள்ளுதுடி. பதினோரு வருஷமா புருவத்தையே பார்த்துக்கிட்டு இருக்கறவகிட்டயா?"