ஒரு சென்ட்கூட இல்லாத பத்திர எழுத்தர்

ஒன்பதே கால் ஆனதும் வெள்ளியங்கிரி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எதிரே விற்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கிரயப் பத்திரம் அரைகுறையாக நிற்கும். அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. "சித்த இருங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, கோத்தகிரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள தன் தகரக் கொட்டகையை விட்டு வெளியே வந்து, பேக்கரிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் பதினொரு படி ஏறுவார். பதினோராவது படியில்தான் செல்போனுக்கு சிக்னல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, பங்குச் சந்தை திறப்பதைப் பார்ப்பார். ஐந்தே நிமிஷம். ஏறியிருந்தாலும் ஒரு 'ம்', இறங்கியிருந்தாலும் அதே 'ம்'. பிறகு கீழே வந்து, விட்ட வரியில் பேனாவை வைப்பார்.

ஆள் ஒல்லி. ஸ்வெட்டர், அதன்மேல் மப்ளர், தலைக்குக் குரங்குக் குல்லா. கோடையிலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் கழற்றுவார். காரமடைப் பக்கத்திலிருந்து முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் பத்திரம் எழுத மலையேறி வந்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போது எல்லாமே கம்ப்யூட்டர் என்றாலும், அவர் முதலில் தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ராஜப்ரியா அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது கொட்டகையின் சட்டம். ராஜப்ரியா அவரிடம் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். நேரடியாகத் தட்டினால் பாதி நேரம் மிச்சம் என்று அவளும் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

தொழில் பேச்சு அவர் வாயில் ஊறிப்போய்விட்டது. யார் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி, "வில்லங்கம் பாத்தாச்சுங்களா?" நிலத்துக்கு மட்டும் கேட்டால் சரி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம் என்றாலும் இதுதான், பழைய ஸ்கூட்டர் ஒன்று வருகிறது என்றாலும் இதுதான். ஏன், மார்க்கெட்டில் முட்டைக்கோஸைப் புரட்டும்போதுகூடக் கேட்பார். காய்க் கடை மூக்கம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள். "எல்லாம் பாத்தாச்சு சாமி, ஒரு புழுவும் இன்னும் பாத்தியம் கொண்டாடி வரல" என்பாள். அந்தப் பதிலுக்காகவே அவர் கேட்கிறாரோ என்னவோ.

கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவில் இவர் கை படாத நிலம் குறைச்சல். அப்படிப்பட்டவர் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. கட்டபெட்டு பஸ் நிறுத்தத்துக்குக் கீழே, இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு வாடகை வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. எழுத்துக் கூலியில் மிஞ்சியதையெல்லாம் பங்குகளில் போட்டார். காகிதச் சான்றிதழாக வாங்கி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த காலத்திலிருந்தே அந்தப் பழக்கம். மகள் ஸ்வேதா இன்ஜினியரிங் படித்ததும், கோயமுத்தூரில் அவளுக்குக் கல்யாணம் ஆனதும் அதில் கொஞ்சத்தை விற்றுத்தான். ஆகவே அவர் மனைவி புஷ்பவல்லி இந்த விஷயத்தில் குறை சொல்ல வழியில்லை. சொல்லவும் மாட்டார். யாராவது புது வீட்டுப் பால் காய்ச்சும் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினால், அதை மட்டும் இரண்டு தடவை படிப்பார்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறீங்க, உங்களுக்குன்னு ஒரு அஞ்சு சென்ட் போட்டா என்னங்க?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவரிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. இந்தப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்பன் வைத்துவிட்டுப் போன தேயிலையைப் பாகம் பிரிக்க வந்தார்களாம். எல்லாம் பேசி முடிந்து, நடைபாதை எத்தனை அடி என்ற இடத்தில் வந்து முறுக்கிக்கொண்டது. அண்ணன் மூன்றடி என்கிறான், தம்பி நாலடி என்கிறான். அந்த ஓரடிக்குப் பதினாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடி தலைக்கு மேல் மரமாக வளர்ந்து, உள்ளே காட்டெருமை குடியிருந்தது. தீர்ப்பு வந்த அன்று, யாருக்கு எது என்று காட்டப் போன கோர்ட் அமீனாவை அந்த எருமை துரத்தியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு முடிவாக ஒரு வார்த்தை சொல்வார். "ஷேர் ஏறுமுங்க, எறங்குமுங்க. ஆனா அதுக்கு எல்லைக் கல்லுன்னு ஒன்னு கெடையாது, அதைய ஆரும் நகத்தி நட முடியாது. தம்பி சம்சாரம் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒக்காந்துக்கறதும் இல்லீங்க." சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே இருந்தும் காட்டினார். கொரோனா வந்து சந்தை தலைகுப்புற விழுந்த மாதத்தில், படியேறிப் பார்த்துவிட்டு அதே 'ம்'மோடு இறங்கி வந்தார். அன்றைக்கு மட்டும் பேக்கரியில் நின்று இரண்டு வர்க்கி கூடத் தின்றாராம்.

அவர் முதல் முதலாக வாங்கியது ஒரு தேயிலைக் கம்பெனியின் பங்கு. அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. கட்டபெட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, அந்தக் கம்பெனியின் எஸ்டேட் வந்ததும் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு, "அங்க பாருங்க, அந்த மேட்டுல மூனு வரிசை நம்முளுது" என்பார். அறியாதவர்கள் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். அறிந்தவர்கள், இந்த வருஷம் உரம் போட்டீர்களா என்று கேட்பார்கள். "கம்பெனிக்காரன் போட்டுக்குவானுங்க" என்று சிரிப்பார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த மனிதருக்குப் போன அக்டோபர் முதல் தேதி சோதனை வந்தது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் ஹெர்பர்ட் காபியைக் குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூரில் தனியாக இருந்தார். முழங்கால் குளிரைத் தாங்கவில்லை, ஓசூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறேன், வீட்டை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். பெங்களூர்க்காரர் ஒருவர், டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட, காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாராம்.

"ஆனா சார், மொதல்ல உங்களக் கேக்காம அவருக்குக் குடுத்தா எனக்கு மனசு ஒத்துக்காது" என்றார் ஹெர்பர்ட். "ஒரு மாசம் டைம் எடுத்துக்குங்க."

வாங்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. வெள்ளியங்கிரி "பாக்கலாமுங்க" என்றார். புஷ்பவல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெகு நேரம் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாரம் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட வெள்ளியங்கிரிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

அவர் செய்தது இதுதான். மறுநாளே ஹெர்பர்ட்டின் மூலப் பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து, அந்த வீட்டைக் குடைய ஆரம்பித்தார். நாற்பது வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்தார். பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மலைப் பகுதியில் வீடு கட்ட வாங்கிய அனுமதி என்று ஒன்று விடவில்லை. ஊரார் பத்திரத்தில் வில்லங்கம் இருந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறவர், இதில் ஒன்றாவது கிடைக்காதா என்று பார்த்தார். நல்லபடியாக ஒரு குறை அகப்பட்டால் புஷ்பவல்லியிடம் காட்டிவிட்டு நிம்மதியாக வேறு வாடகை வீடு தேடலாம். அகப்படவில்லை. ஹெர்பர்ட்டின் அப்பா வாங்கியது, ஹெர்பர்ட் ஒரே பிள்ளை, கடன் இல்லை, வழக்கு இல்லை. "ஒரு வில்லங்கமும் இல்லியே ராஜப்ரியா" என்று அவர் சொன்ன தோரணையைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாளாம் அவள்.

பத்தாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார். கிடைத்துவிட்டது. பழைய பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லியிருக்கிறார்களே, அதில் கிழக்கே பாதை, தெற்கே ஓடை, மேற்கே தேயிலை எல்லாம் சரி; வடக்கே மட்டும் 'ஒற்றைப் பேரிக்காய் மரம்' என்று போட்டிருக்கிறது. அங்கே மரம் எங்கே இருக்கிறது? எல்லையே இல்லாத இடத்தை எவனாவது வாங்குவானா? சர்வே எண்ணும் அளவும் சரியாக இருந்தால் ஒரு மரம் போனதால் குடி முழுகிவிடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் பத்திரத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

புஷ்பவல்லி பத்திரத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்.

"அந்த மரத்த எரிச்சது ஆருங்க?" என்று கேட்டார்.

வெள்ளியங்கிரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்வேதா ஆறாவது படித்த வருஷம், பேய் மழையில் அந்தப் பேரி மரம் வேரோடு சாய்ந்தது. ஹெர்பர்ட், எடுத்துக்குங்க சார் என்று சொல்ல, இவரே ரம்பத்தை வாங்கி வந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறுத்தார். மார்கழி, தை இரண்டு மாதமும் வென்னீர் அடுப்பில் அந்த மரம்தான் எரிந்தது. ஓசி விறகு என்று பஸ்ஸில் நாலு பேரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார். ஊரான் எல்லைக்கெல்லாம் காவல் இருந்த மனிதர், வரப்போகிற தன் வீட்டின் வட எல்லையைக் காய்ச்சிக் குளித்திருக்கிறார். புஷ்பவல்லி அவரைப் பின்பக்கம் கூட்டிப் போய், தான் வைத்து வளர்த்த மேரக்காய்க் கொடியை விலக்கிக் காட்டினார். கீழே வேர்க்கட்டை இன்னும் மண்ணில் இருந்தது. அவர் சிரித்துவிட்டார், அந்த அம்மாளும் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு கட்டையின்மேல் உட்கார்ந்து, மனதில் உள்ளதைச் சொன்னார் வெள்ளியங்கிரி. "சொந்தம்னு ஆனவுங்க எல்லாம் எம்பட மேசைக்கு முன்னால வந்து அடிச்சுக்கறதத்தான் புஷ்பா பாத்துட்டிருக்கறேன். எம்பேர்ல ஒன்னும் இல்லாததுனாலதான் இந்த ஊட்டுல இத்தன வருசம் நிம்மதியாத் தூங்கறேன்."

"நீங்க தூங்கறீங்க" என்றார் புஷ்பவல்லி. "மாசம் பொறந்தா, காலி பண்ணச் சொல்லீருவாங்களோன்னு நான் முழிச்சுட்டிருக்கறேனுங்க. இருபத்திரண்டு வருசமா."

அவருக்குச் சுரீர் என்றது. ஒரே கட்டிலில் படுத்த மனுஷியின் விழிப்பு தன் கண்ணில் படவே இல்லையே என்று இருந்தது. அந்த அம்மாளே மெல்லச் சொன்னார்: பயமாக இருந்தால் என் பேருக்கு எழுதுங்கள். பாதியை விற்றால் போதும், மீதிப் பங்கு இருந்தபடி இருக்கட்டும், அது உங்கள் சம்பாத்தியம். மறுநாள் காலை அவர் படிக்கட்டில் ஐந்து நிமிஷத்துக்குப் பதில் முக்கால் மணி நேரம் நின்றார். தேயிலைக் கம்பெனிப் பங்கை மட்டும் தொடவில்லை. கீழே வந்து ராஜப்ரியாவிடம், "மூனு வரிசை போக மிச்சத்துல பாதி வித்தாச்சு" என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை, ஆச்சரியம் இருந்தது.

ஐப்பசி பிறந்து ஒரு நல்ல நாளில் பதிவு வைத்தார்கள். ஓசூரிலிருந்து மகளோடு ஹெர்பர்ட் வந்திருந்தார். வராந்தாவில் நிற்க இடமில்லாத கூட்டம். பத்திரம் ஆறு பக்கம். கையெழுத்துக்கு நீட்டும்போது, "ஒருக்கா படிச்சுப் பாத்துக்கோங்க" என்று வெள்ளியங்கிரி எல்லோரிடமும் சொல்வார். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரும் படித்ததில்லை. எங்கே போட வேண்டும் என்று கேட்டு, போட்டுவிட்டுப் போவார்கள். அன்றும் வாய்ப் பழக்கத்தில் மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

புஷ்பவல்லி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முற்றத்துக் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் தூறல் விழுந்தது. அடுத்த டோக்கன் நம்முடையது என்று ராஜப்ரியா ஓடி வந்தாள். ஹெர்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நிற்பவர்களை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார் வெள்ளியங்கிரி.

நாலாம் பக்கத்தில் விரல் நின்றது. "'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது'ன்னு போட்டிருக்குதுங்களே, அது ஆரைச் சொல்றதுங்க?"

"உன்னையத்தான்."

புஷ்பவல்லி விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், அதை இன்னொரு தடவை படித்தார். தூறல் மழையாகிவிட்டது. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. வெள்ளியங்கிரி குடையை மனைவியின் தலைக்கும் தாளுக்குமாக முழுசும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் மழையில் நின்றார்.