அண்ணன் துடைத்த வில்லை

அண்ணன் அதன் மேல் ‘ஹா’வென்று வாயால் ஊதினார். நான் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். “அண்ணே, தொட்றாதீக” என்று சொல்லி முடிப்பதற்குள், சட்டை நுனியை இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி, வட்டமாக இரண்டு சுற்றுத் துடைத்தும்விட்டார். கடலாடியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். யார் முகத்தில் கண்ணாடியைக் கண்டாலும் கேட்காமல் கொள்ளாமல் கழற்றி, ஊதி, துடைத்து மாட்டிவிடுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், எழவு வீட்டில் அழுதுகொண்டிருந்த பெரியப்பா, என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று ஒருவரும் தப்பியதில்லை. அன்றைக்குச் சிக்கியது என் ஆராய்ச்சி.

அதுவும் ஒரு லென்ஸ் வில்லைதான், ஆனால் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடிச் சில்லு, அவ்வளவுதான். சாதாரண வில்லை தன் வளைவால் ஒளியைத் திருப்பும். இதில் வளைவே கிடையாது. தட்டையான பரப்பின் மேல், தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத தூண்கள் கோடிக்கணக்கில் நிற்கும். தூணின் பருமனுக்குத் தக்கபடி அதன் வழியே போகும் ஒளி கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்து சேரும். அந்த முந்தலையும் பிந்தலையும் கணக்காக அமைத்துவிட்டால் ஒளி முழுவதும் நாம் சொல்லும் இடத்தில் குவியும். மெட்டா பரப்பு என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விழித்திரைக் கேமராவை, செல்போனில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இதை வைத்துச் சுருக்குவதுதான் எங்கள் வேலை. அப்படிச் சுருக்கிவிட்டால் சர்க்கரை நோயாளிகளின் கண்ணை அவர்கள் ஊருக்கே போய்ச் சோதித்துவிடலாம். மாதக்கணக்கில் செய்து செய்து கெட்டு, கடைசியில் ஒரே ஒரு சில்லு தேறியது. வாயால் ஊதிய ஈரத்துக்கே அந்தத் தூண்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துவிடும். அண்ணன் கட்டைவிரலையே வைத்துவிட்டார். மாடு புகுந்த வயல் மாதிரிதான் ஆகியிருக்கும்.

மறுநாள் திருப்புல்லாணியில் கண் முகாம். அங்கே வரும் டாக்டரிடம், பொம்மைக் கண் ஒன்றை வைத்துப் படமெடுத்துக் காட்டுவதற்காகத்தான் அதைச் சென்னையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம். கண்ணைக் காட்டுங்கள் என்று சொன்னால், “கண்ணாடிக் கடைக்காரனே கண்ணு டெஸ்டுக்கு வரிசையில நின்னா, என் கடைக்கு எவன் வருவான்?” என்பார். கெஞ்சிக் கூத்தாடி, அந்த முகாமுக்கு மட்டும் வாரேன் என்று ஒத்துக்கொள்ள வைத்திருந்தேன்.

“இங்கன ஒரு அழுக்கு இருந்துச்சுத்தா. ஓரத்துல, கருப்பா” என்றார், ஒன்றும் நடக்காதவர் போல. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. தூசியே நுழையாத அறையில், தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு செய்த சாமானில் அழுக்காம். “இல்லவே இல்ல” என்று நான் கத்த, “இத்தன வருசமாத் தொடைக்கிறேன், அழுக்கு எது, கீறல் எதுன்னு எனக்குத் தெரியாதா?” என்று அவர் திருப்பிக் கத்தினார். ஒரு வார்த்தை, தப்பு என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அந்த மனுஷனுக்கு அது வாயில் வராது. “நீங்க ஒண்ணும் முகாமுக்கு வர வேண்டாம், நானே போகலை, காட்டுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். டீ ஆறிப்போயிருக்கும்.

அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை. மதினியிடம் போனில் பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும். “அழுக்கு இருந்துச்சுன்னு சொல்லு அவகிட்ட.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் மதினி சிரித்துக்கொண்டே சொன்னார். “ஒங்க அண்ணன் கூத்தக் கேளு. எல்லாக் கண்ணாடியிலயும் அழுக்கு இருக்காம். தேய்ச்சுத் தேய்ச்சு மேல இருக்க கோட்டிங்கே போயிருச்சு. வாங்கிட்டுப் போனவுக எல்லாம் திருப்பிக் கொண்டாராக.” நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எல்லாக் கண்ணாடியிலும் எப்படி அழுக்கு இருக்கும்? விழித்திரையில் ரத்தம் கசிந்தால் பார்வையில் கருந்திட்டு மிதக்கும் என்று என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நான்தான் எழுதியிருந்தேன். உடனே அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, கையில எதையும் வச்சுக்காம, வெறுஞ்சுவரைப் பாருங்க. அழுக்குத் தெரியுதா?”

“தெரியுதுத்தா” என்றார்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண்ணில் இப்போது நிழலாட்டம் மட்டும்தான். இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். அந்த முகாம் நடந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

வேறொரு சில்லு செய்தாயிற்று. கேமராவும் இப்போது ஓரளவுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது அண்ணனின் வலது கண்ணைத்தான் படமெடுத்தேன். போனை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். “பாத்தியா, இங்கன இருக்கு பாரு. அன்னைக்கே சொன்னேன்ல?” ஜெயித்துவிட்ட சந்தோஷம் முகத்தில். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரரையும் விடவில்லை. இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

வாரேன் என்றவரை வர வேண்டாம் என்று சொன்னவள் நான். அழுக்கைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறவர், அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் தேவலை.