முகம் பார்க்கும் சிலிண்டர்

என் அக்கா புருஷன் டர்போ கார் இன்ஜின்களைப் பிரித்துக் கட்டுகிற மெக்கானிக். ஆயில் தங்குவதற்காக சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய கீறல்கள் போட வேண்டும். இந்த மேதாவியோ அதைக் கண்ணாடிபோல் தேய்த்து, கார்க்காரர்களை அதில் முகம் பார்க்கச் சொல்வார். அந்த ஏமாளிகளும் பல்லைக் காட்டிக்கொண்டு போவார்கள். ஒரு மாதத்துக்குள் வண்டி லிட்டர் லிட்டராக ஆயிலைக் குடித்துப் புகை கக்கும். வந்து கேட்டால், "வேகமா போற இன்ஜின் அப்படித்தான் குடிக்கும். உங்களுக்கு ஓட்டத் தெரியல" என்று எரிந்து விழுவார். இருபது வருடமாக இதே பாட்டு.

போன வாரம் அவருடைய சொந்தக் காரின் இன்ஜின் படுத்துவிட்டது. கூச்சமே இல்லாமல் எதிர்க்கடை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, பளபளப்பெல்லாம் வேணாம். கீறலை மட்டும் ஒழுங்கா போட்டுக் குடு."