வெள்ளிக்காசில் உட்கார்ந்திருந்தவள்

காலை ஆறே முக்காலுக்குக் கடமலைக்குண்டில் பஸ் ஏறினோம். நானும் பேச்சி அக்காவும். தேனிக்கு எனக்கு டிக்கெட் இருபது ரூபாய். பெண் என்பதால் அக்காவுக்கு இலவசம்.

அக்காவின் முந்தானை முடிச்சில் ஒரு வெள்ளிக்காசு. தென்னைக்குக் குழி எடுத்தபோது கிடைத்தது. ஒரு பக்கம் ஆண் தலை. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், கையில் கிளை. வேப்பங்குழைதான், மாரியாத்தாதான் என்று அக்கா குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். இரண்டு தடவை கலைந்துபோன மகளுக்கு அதன்பிறகு கரு தங்கியது. இப்போது ஏழாம் மாதம். காசை ஒப்படைக்கச் சொல்லி வி.ஏ.ஓ. வந்துபோன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

கண்டமனூர் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"ஏலே, ஆத்தாளுக்கும் டிக்கெட் இல்லதான?"

"காசுக்குப் பின்பக்கம் ஒருத்தர் இருக்காரே, அவருக்கு எடுக்கணும்க்கா."

"அவரு கெடக்காரு. வரி வாங்குற மூஞ்சி."

தேனியில் எட்டு மணி. டீ பன்னிரண்டு ரூபாய், தண்ணியாக இருந்தது. தொல்லியல் அலுவலகத்தில் பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை நின்றோம். கால் கடுத்தது.

அதிகாரி ஒரு பெண். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ரோம் நாட்டுக் காசும்மா. அந்தக் காலத்துல மிளகு வாங்கக் கப்பல்ல வந்தது. இது அவங்க ராஜா. இந்தம்மா அமைதிக்கான தெய்வம்னு சொல்றாங்க."

"மாரியாத்தா இல்லையா?"

"இல்லம்மா."

அக்கா காசை எட்டிப் பார்த்து, "பிள்ளப்பேறு பாப்பாளா?" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியலம்மா."

"அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்கா. அலுப்புலதான் உக்காந்துட்டா போல."

கிளார்க் துணியால் குங்குமத்தைத் துடைக்கப் போனார். "தேய்க்காதீங்க, காசு கெட்டுடும். அப்படியே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மேசைமேல் வைத்தார். ராஜா தலை மேலே இருந்தது.

"அவளக் குப்புறப் போடாதீக தாயி. புள்ளத்தாச்சி வீட்டுல இருந்து வந்தவ. மூச்சு முட்டும்."

அதிகாரி கவரைத் திருப்பி வைத்தார்.

"போயிட்டு வாரோம்" என்றாள் அக்கா. கவரைப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் இடமில்லை. கண்டமனூர் வரை நின்றே வந்தோம். வெறும் முந்தானை முனையை அக்கா கையிலேயே பிடித்திருந்தாள்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"குடுத்துட்டீகளாம்மா?"

"உக்கார வச்சுட்டு வந்திருக்கோம். நீ எதுக்கு நிக்கிற? உக்காரு."