பூண்டுச் சக்கையும் பதினோரு வீட்டுக் காபியும்

போன வாரம் ஒரு பசுமாடு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. சிரிக்காதீர்கள்... நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து மகன் ஒரு ஜூஸர் வாங்கி அனுப்பியிருந்தான். கொலஸ்ட்ராலுக்குப் பூண்டு, இஞ்சி, எலுமிச்சை ஜூஸ் நல்லது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். நான்கு பல் பூண்டு போதும் என்றார். நான் முப்பத்து நான்கு வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன். ‘அளவு முக்கியம்டா’ என்று எத்தனையோ பிள்ளைகளின் காதைத் திருகியவன். என்ன செய்தேன் தெரியுமா? நான்கு பல்லுக்கே நல்லது என்றால்... என்று கணக்குப் போட்டு, கால் கிலோவை உரித்துப் போட்டேன்.

ஒரு மடக்குதான். கண்ணில் தண்ணீர், காதில் ஆவி.

“வூட்டுக்குள்ள ஊறுகா கம்பெனி வெச்சிட்டீங்களா?” என்றாள் மனைவி, ஜன்னல்களை எல்லாம் திறந்துகொண்டே.

ஜூஸ் அரை டம்ளர். சக்கை ஒரு கிண்ணம். வீணாக்க மனசு வருமா? வாசலில் மாதம்மாள் வைத்த கழுநீர் பக்கெட் இருந்தது. நல்லம்பள்ளியில் எங்கள் தெருவின் பதினோரு வீட்டுக்கும் அவருடைய பால்தான். பதினோரு வீட்டு அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் அவருடைய ஒற்றை மாட்டுக்குத்தான். சாயந்திரம் வந்து எடுத்துப் போவார். அந்தப் பக்கெட்டில் சக்கையைக் கொட்டினேன். மகன் அனுப்பியதாயிற்றே, ஜூஸையும் விடவில்லை. தினமும்.

மூன்றாம் நாள் காபியில் பூண்டு வாசம். என் வாய்தான் நாறுகிறது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் கடைசி வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு, “சூப்புங்களா?” என்று கேட்டாராம்.

தெருவே கூடிவிட்டது.

“தண்ணி கலந்தாக்கூடப் பரவால்ல மாதம்மா. ரசத்தையா கலக்குவ?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மாதம்மாள் என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவருங்க. சொல்லுங்க சார், எம் மாட்டுக்கு என்னங்க ஆச்சு?”

மாடு தின்றதன் வாசம் பாலில் ஏறும் என்பது எனக்குத் தெரியும். அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

“சீதோஷ்ணம் மாறுது இல்லைங்களா... மாட்டுக்கு உள்ளுக்குள்ள ஏதாவது கோளாறு இருக்கும்” என்றேன்.

அறிவியல்! எல்லோரும் தலையாட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

அன்றைய சக்கையைப் பக்கெட்டில் போடவில்லை. ஒரு டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜின் மூலையில் ஒளித்துவைத்தேன். ஜூஸரையும் பரணில் ஏற்றினேன். பாலும் சரியாகியிருக்கும். ஆனால் குடித்துப் பார்க்க யார் இருந்தார்கள்? கோளாறு பிடித்த மாடு என்று சாரே சொன்ன பிறகு யார் வாங்குவார்கள்? தெரு முழுக்கப் பாக்கெட் பால். வெட்கத்தோடு சொல்கிறேன் — என் வீட்டிலும்தான்.

பத்தாம் நாள் காலை. மாதம்மாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கூடவே ஒரு மாட்டுத் தரகர்.

“பக்கெட்ட எடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க. மாட்டக் குடுத்துடறேன். இனி எதுக்குங்க கழனித்தண்ணி?”

அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு மாட்டால்தான். சொல்லிவிட்டேன். ஜூஸர், பூண்டு, பக்கெட், சீதோஷ்ணம்... எல்லாவற்றையும்.

மாதம்மாள் நம்பவில்லை!

“எம்மேல பரிதாபப்பட்டு நீங்க பழிய ஏத்துக்கறீங்க சார். பெரிய மனசுங்க உங்களுக்கு.”

கவனித்தீர்களா? பொய் சொன்னபோது ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை. உண்மைக்குத்தான் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள்.

ஓடிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து வந்தேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம்... மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு படியேறியது. டப்பாவுக்குள் மூக்கை விட்டது. துளி மிச்சமில்லாமல் நக்கியது. கடைசியில் என் வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டது. நெடுநாள் வாடிக்கையாளர் மாதிரி!

தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். “அட, மாடே ஆளக் காட்டிக் குடுத்துருச்சு!”

மாதம்மாள் சிரிக்கவில்லை. டப்பாவை ஒரு முறை மோந்து பார்த்தார். பிறகு, “வாங்க சார்” என்றார்.

“எங்கங்க?”

“மத்த பத்து வூட்டுக்கும்.”

போனோம். மாதம்மாள் முன்னால், மாடு நடுவில், நான் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்: “மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. கோளாறு என்னோடது.” எதிர்வீட்டுக்காரர், “இன்னொருக்கா சொல்லுங்க சார், வீடியோ எடுத்துக்கறேன்” என்றார். இன்னொரு முறையும் சொன்னேன். கடைசியாக அந்தப் பெண் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

மாடு விற்பனைக்குப் போகவில்லை. பத்து வீட்டுக்கும் மறுபடி பால் போகிறது. எங்களுக்கும் ஊற்றுகிறார், அளவு குறையாமல். ஆனால் அன்று எடுத்துப் போன பக்கெட்டை எங்கள் வாசலில் மட்டும் அவர் திரும்ப வைக்கவே இல்லை.

காபியில் இப்போது ஒரு வாசமும் இல்லை என்கிறாள் மனைவி. எனக்கு மட்டும் இன்னும் அடிக்கிறது.