டாக்டர் சர்வமங்களா யாரைக் கேட்டார்

டாக்டர் சர்வமங்களா ஹிரேமட் எங்கள் தாலுகா மருத்துவமனைக்குப் பெண்கள் பிரிவின் தலைவராக வந்தபோது, பிரசவ வார்டில் இரண்டு கட்டிலுக்கு மூன்று பேர் படுத்திருந்தார்கள். ஆள் குட்டை, குரல் பெரிது. வந்ததும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடவைத்தார். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்றார். சுற்றூர் மருத்துவச்சிகளை உட்காரவைத்து, எதற்கெல்லாம் உடனே வண்டி பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இதற்கெல்லாம் யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை வந்தது ரேணவ்வா விஷயத்தில்.

வட கர்நாடகத்தில், எங்கள் பாகல்கோட்டைப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால் தாய்வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் ஆயிற்றே, புகுந்த வீட்டார் வந்து சொல்லட்டும் என்பார்கள். ஆள் அனுப்பி அவர்கள் வந்து சேர்வதற்குள் பல குழந்தைகள் செத்தன. தாய்மார்களும் செத்திருக்கிறார்கள். நர்ஸுகள் நாங்களும் அதுவரை காத்துக்கொண்டுதான் இருந்தோம்.

ரேணவ்வாவுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்துவிட்டது. அவள் அம்மா கல்லவ்வா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சம்பந்தி வரட்டும் அக்கா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இவளைத் திரும்பச் சேர்த்துக்க மாட்டாங்க."

"எந்த ஊரு?" என்றார் டாக்டர்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். தண்ணி ஏறிக் கிடக்கு, சுத்தித்தான் வரணும்."

"அதுவரைக்கும் பொறுத்துக்கன்னு குழந்தைகிட்ட நீயே சொல்லிடு."

மருத்துவமனைப் பொறுப்பாளர் பாட்டீல் கதவோரம் வந்து நின்றார். "மேடம், தடியோட வருவாங்க. கையெழுத்து இல்லாம தொடாதீங்க."

"வாங்கறேன் சார். வலிக்கறவகிட்டயே வாங்கறேன்."

டாக்டர் குனிந்தார். "ரேணவ்வா, வயித்தைத் திறந்தா நீ பிழைப்பே. குழந்தையும் பிழைக்கலாம். காத்திருந்தா ரெண்டுமே சந்தேகம். என்ன செய்யட்டும்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"திறங்க," என்றாள்.

நான் மைப்பெட்டியை நீட்டினேன். கட்டைவிரல் வைத்தாள். பெண் குழந்தை, உயிரோடு.

மறுநாள் மாமனார் பசனகௌடர் வந்து மருத்துவமனையே அதிரக் கத்திவிட்டுப் போனார். பிறகு அவர் புகார் கொடுக்க, அவரையும் வைத்துக்கொண்டு விசாரிக்க அதிகாரி வந்தார். இனிமேல் குடும்பத்தாரைக் கேட்காமல் அறுவை செய்வதில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் விஷயம் முடியும், இல்லையென்றால் தலைவர் பதவி போகும் என்றார்.

"பதவியை எடுத்துக்கங்க. அதை எழுதித் தர மாட்டேன்," என்றார் டாக்டர்.

அதிகாரி கல்லவ்வாவைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ரேணவ்வா தலை நிமிர்ந்தாள்.

"நான்தான் திறக்கச் சொன்னேன்."

"வாயை மூடு," என்றார் கௌடர். "நீ எங்க வீட்டுப் பொண்ணு."

"வயிறு என்னோடது மாமா. நீங்க வர்ற வரைக்கும் அது தாங்காது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நினைவோடிருக்கும் பெண்ணின் சம்மதமே போதும் என்று எழுதிவிட்டுப் போனார். பதவி நிலைத்தது. சில வருடங்களில் மாவட்டம் முழுவதும் பெண்கள் நலப் பிரிவு டாக்டரின் கைக்கு வந்தது. போன இடமெல்லாம் இதே வழக்கத்தைக் கொண்டுபோனார்.

ஆனால் ரேணவ்வாவைக் கௌடர் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சமாதானம் பேசவும் போகவில்லை. மருத்துவமனைச் சமையலறையில் சோள ரொட்டி தட்டும் வேலை வாங்கிக்கொடுத்தார். அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் அவள் புருஷன் ஈரப்பா தன் அப்பாவிடம் சொல்லாமல் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவள் உடனே ஏறவில்லை. அந்த மாதத்து வேலையை முடித்து, சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் போனாள்.